நகலா, அசலா? ‘கேமரா வொர்க்’ இதழின் செப்புத் தகடுகள்

ஒரு பத்திரிகையில் அச்சான புகைப்படத்தை ‘அசல்’ என்று சொல்லலாமா? சாதாரணமாகச் சொல்ல மாட்டோம். ஆனால் 1904-ல் பிரஸ்ஸல்ஸில் நடந்ததைப் பாருங்கள். அங்கே ஒரு கண்காட்சிக்கு, நியூயார்க்கின் ‘ஃபோட்டோ-செசஷன்’ குழு அனுப்பிய படங்கள் நேரத்துக்கு வந்து சேரவில்லை. பதிலுக்கு, அந்தக் குழுவின் ‘கேமரா வொர்க்’ இதழில் வந்த படங்களை மாட்டினார்கள். பார்த்தவர்களில் பெரும்பாலோர் அசல் பிரிண்ட் என்றே நினைத்தார்களாம்.

காரணம், ஃபோட்டோகிரேவர் என்ற அச்சு முறை. வியன்னாவில் கரேல் க்ளீச் 1879-ல் இதைச் செம்மைப்படுத்தினார்.

செய்தித்தாள் படத்தை லென்ஸ் வைத்துப் பார்த்தால் புள்ளி புள்ளியாகத் தெரியும். அது ஹாஃப்டோன். ஒரு இடத்தில் மை உண்டு, அல்லது இல்லை. நம்ம பாஷையில் 0, 1. சாம்பல் நிறம் என்பது கண்ணை ஏமாற்றும் வேலை. கிரேவரில் அப்படி இல்லை, மையின் கனமே கூடிக் குறையும்.

செய்முறை இதுதான். செப்புத் தகட்டில் குங்கிலியம் மாதிரியான பிசின் தூளைத் தூவி, சூடாக்கி ஒட்ட வைப்பார்கள். அதன்மேல், படத்தின் பாசிட்டிவ் வழியாக ஒளி காட்டிய ஜெலட்டின் படலம். ஒளி அதிகம் பட்ட இடத்தில் ஜெலட்டின் கனமாக இறுகும். மீதி வெந்நீரில் கரைந்துவிடும். பிறகு ஃபெரிக் குளோரைடு. ஆமாம், காலேஜ் லேபில் சர்க்யூட் போர்டு அரிக்க வைத்திருப்போமே, அதேதான்! ஜெலட்டின் மெல்லியதாக இருக்கும் இடத்தில் செம்பு ஆழமாக அரிபடும், அங்கே மை நிறைய தங்கும். அதுதான் நிழல். கனமாக இருக்கும் இடத்தில் லேசாகத்தான் அரிக்கும். அது வெளிச்சம்.

இதழின் ஆசிரியர் ஆல்ஃப்ரெட் ஸ்டீக்லிட்ஸ். 1903-ல் தொடங்கினார். “கேமரா ஒரு மெஷின், இதில் என்ன கலை?” என்று கேட்ட காலம். பதிலைக் கட்டுரையால் மட்டும் சொல்ல முடியாது, படம் கண்ணெதிரே நிற்க வேண்டும். அதனால் முடிந்தவரை அசல் நெகட்டிவிலிருந்தே தகடு செய்ய வைத்தார். பல படங்கள் மெல்லிய ஜப்பானியத் தாளில் அச்சாகி, கையால் ஒட்டப்பட்டன.

விலை கொடுக்கத்தான் ஆள் குறைந்தது. ரோடின், மத்தீஸ், பிக்காஸோ என்று நவீன ஓவியம், சிற்பம் பக்கம் இதழ் திரும்பியதும் புகைப்படக்காரர்கள் பலர் விலகினார்கள். அப்புறம் உலகப் போர். ஆரம்பத்தில் 600-க்கு மேல் இருந்த சந்தா, 1917-ல் கடைசி இதழ் வரும்போது 40-க்கும் கீழே.

1907-ல் அவர் எடுத்த ‘தி ஸ்டீரேஜ்’ கப்பல் படத்தை, 1915-ல் ‘291’ என்ற இன்னொரு இதழுக்காகப் பெரிய கிரேவராக அச்சடித்தார். வாங்க ஆளில்லை. மிஞ்சியதைப் பழைய பேப்பர்காரருக்குப் போட்டதாக அவரே பின்னாளில் சொன்னார். இன்று அதே கிரேவர்கள் பெரிய மியூசியங்களின் சேகரிப்பில் இருக்கின்றன.

என் கணக்கில் அவை அசல்தான். படம் எடுத்தவரே ‘இது இப்படித்தான் தெரிய வேண்டும்’ என்று முடிவு செய்து அச்சிட்ட தாள் அது. ‘கேமரா வொர்க்’ ஸ்கேன்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன, புரட்டிப் பாருங்கள். ஆனால் திரையில் தெரிவது பிக்சல். மையின் கனத்தைப் பார்க்க அந்தத் தாளுக்கு முன்னால்தான் போய் நிற்க வேண்டும்.