ஸ்லீப்பர் கட்டையின் பிடி

ரயில் பிரயாணத்தின்போது நாம் ஜன்னல் வழியே மலையையும் வயலையும் பார்க்கிறோம். தண்டவாளத்துக்கு அடியில் கிடக்கும் ஸ்லீப்பர் கட்டையை யாரும் பார்ப்பதில்லை. சுமை தாங்குவதோடு அதன் வேலை முடிந்தது என்றும் எண்ணிவிடுகிறோம். பாதை பக்கவாட்டில் நழுவிவிடாமல் பிடித்து நிறுத்துவதும் அதன் பொறுப்புத்தான். அந்தப் பிடி தளர்ந்தால் என்ன நேரும் என்பதைப் பிரான்ஸ் தேசத்தார் 1955-ம் வருஷத்தில் கண்கூடாகக் கண்டார்கள்.

அவ்வருஷம் மார்ச் 28, 29 தேதிகளில், போர்தோ நகருக்குத் தெற்கே, இரண்டு மின்சார எஞ்சின்களை ஓட்டிப் பரீட்சை செய்தார்கள். மணிக்கு 331 கிலோமீட்டர் வேகம்! உலகமே வியந்தது. ஆனால், வண்டி கடந்துபோன பாதையைப் பார்த்தவர்கள் திகைத்துப்போனார்கள். நேராக இருந்த தண்டவாளம் பாம்பு ஊர்ந்த தடம்போல் வளைந்து கிடந்தது. வெற்றிச் செய்தி உடனே எங்கும் பரவிற்று. வளைந்த பாதையின் படமோ பல ஆண்டுகள் கழித்தே வெளிவந்தது.

விரையும் வண்டி இப்படியும் அப்படியும் ஆடும்போது சக்கரங்கள் தண்டவாளத்தைப் பக்கவாட்டில் உதைக்கின்றன. வெயிலும் தன் பங்கைச் செய்கிறது. இடைவெளியின்றிப் பற்றவைத்த நீண்ட தண்டவாளம் சூடேறினாலும் நீள முடியாது. மீட்டருக்கு 60 கிலோ எடையுள்ள தண்டவாளத்தில் வெப்பம் 40 டிகிரி சென்டிகிரேட் உயர்ந்தால், உள்ளே 70 டன்னுக்கு மேற்பட்ட நெருக்கு விசை உண்டாகும். அது எந்தப் பக்கமாவது பிதுங்கப் பார்க்கும்.

இதைத் தடுப்பவை கட்டையும் அதைச் சூழ்ந்த சரளைக் கல்லுமே. கட்டையின் அடிப்புறமும் இரு பக்கங்களும் சரளையோடு உராய்கின்றன. முனை சரளைக் குவியலின்மேல் முட்டி நிற்கிறது. ஆகவே கட்டையின் எடையும் உருவமும் மாறினால் பிடியும் மாறும்.

பிரான்ஸில் ரோஜர் ஸோன்வில் என்ற எஞ்சினியர் நல்ல யுக்தி ஒன்று கண்டார். ஒரே நீளக் கட்டைக்குப் பதிலாக, இரண்டு கான்கிரீட் துண்டுகளை இரும்புச் சட்டத்தால் இணைத்தார். சாதாரணக் கட்டை நகர முயன்றால் ஒரு முனை மட்டுமே சரளையில் முட்டும். இந்த இரட்டைக் கட்டையிலோ இரண்டு முகங்கள் முட்டும். 1981-ல் திறக்கப்பட்ட பாரிஸ்–லியோன் அதிவேகப் பாதையில் இத்தகைய கட்டைகளையே பதித்தார்கள்.

நம் நாட்டில் வேறு வழி கையாளப்படுகிறது. அகலப் பாதைகளில் மரக் கட்டைகளின் இடத்தில் இன்று ஒரே வார்ப்பான கான்கிரீட் கட்டைகள் கிடக்கின்றன. ஒவ்வொன்றும் கால் டன்னுக்கு மேல் கனக்கும். அந்தக் கனமே சரளையை அழுத்திப் பாதையைப் பிடித்துக்கொள்கிறது.

எவ்வளவு நல்ல கட்டையானாலும் சரளை கலைந்திருந்தால் பிடி குறைந்துவிடும். பாதையைச் செப்பனிட்ட இடங்களில் கற்கள் மறுபடி இறுகும்வரை வண்டிகளை மெதுவாக விடுவது இதனால்தான். அங்கே வண்டி ஊர்ந்து செல்லும்போது நாம் கடிகாரத்தைப் பார்த்து முணுமுணுக்கிறோம். கீழே கட்டைகள் சரளையில் கால் ஊன்றிக்கொண்டிருக்கின்றன, சற்றுப் பொறுத்திருப்போம்.