நெடுஞ்சாலை ஓரத்து ஊர்கள் – 14: பார்க்கிற படத்துக்கு மட்டும் காசு

சென்ற வாரம் கம்பெனி பஸ்களைப் பற்றி எழுதியிருந்தேன். அந்த பஸ்களில் ஏறி இறங்கும் பிள்ளைகளின் கையில் இருக்கும் போனைப் பற்றி இந்த வாரம்.

சென்னையிலிருந்து வரும்போது இருங்காட்டுக்கோட்டையைத் தாண்டி, ஸ்ரீபெரும்புதூருக்கு முன்னால் இருக்கிறது பென்னலூர். தொழிற்சாலைகள் மூன்று ஷிப்ட் ஓடும் இந்த வட்டாரத்தில் மேட்னி, இரவுக் காட்சி என்ற கணக்கெல்லாம் செல்லாது. நைட் ஷிப்ட் முடித்து வருகிறவருக்குக் காலையில்தான் ஓய்வு. நாலைந்து பேர் சேர்ந்து தங்கும் அறையில் டிவி வைக்க இடமிருக்காது. இங்கே சினிமா என்றால் போன்தான்.

புது ஓடிடி ஒன்று வரும்போதெல்லாம் போன், லேப்டாப், ஸ்மார்ட் டிவி என எதிலும் பார்க்கலாம் என்கிறார்கள். 2017-இல் சன் நெக்ஸ்ட் வந்தது. 2022 தமிழ்ப் புத்தாண்டு அன்று ஆஹா தமிழ் வந்தது. வந்தவை பெரும்பாலும் சந்தா கேட்பவை. இங்கே வேலை பார்க்கிறவர், ஓவர்டைம் இருக்கும் மாதத்தில் ஒரு படம் பார்த்தாலே பெரிது. அவர் எதற்காக முழுச் சந்தா கட்ட வேண்டும்?

டேட்டா செலவு தனி. நெட்ஃப்ளிக்ஸ் சொல்லும் கணக்குப்படி சாதாரணத் தரத்தில் ஒரு மணி நேரத்துக்கு 1 ஜிபி வரை ஆகும். எச்டி என்றால் 3 ஜிபி வரை. தினம் 1.5 ஜிபி ரீசார்ஜ் போட்டவருக்கு, இரண்டரை மணி நேரப் படம் கிளைமாக்ஸுக்கு முன்பே நின்றுவிடும். தரத்தைக் குறைத்து, வைஃபை கிடைக்கும் இடத்தில் டவுன்லோடு செய்து வைத்தால்தான் சமாளிக்க முடியும். புதிதாக ஓடிடி தளம் வடிவமைப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

பார்க்கிற படத்துக்கு மட்டும் காசு வாங்கும் யோசனை தமிழ் சினிமாவுக்குப் புதிதல்ல. 2013 ஜனவரியில் ‘விஸ்வரூபம்’ படத்தைத் தியேட்டருக்கு முந்தைய நாளே டிடிஎச் மூலம் வீட்டுக்கு அனுப்பக் கமல்ஹாசன் திட்டமிட்டார். கட்டணம் 1,000 ரூபாய். தியேட்டர் உரிமையாளர்கள் கடுமையாக எதிர்த்ததால் அந்தத் திட்டம் நடக்கவில்லை. 2015 மார்ச்சில் சேரன் ‘சி2எச்’ தொடங்கி, தன்னுடைய ‘ஜே.கே. எனும் நண்பனின் வாழ்க்கை’ படத்தை 50 ரூபாய் டிவிடியாக நேரே வீடுகளுக்குக் கொண்டுபோனார். தியேட்டர் கிடைக்காத சின்னப் படங்களுக்கு அது ஒரு வழியாகியிருக்க வேண்டும், தொடரவில்லை. இன்றைக்கும் எனக்கு அதில் வருத்தம் உண்டு. அவருடைய யோசனை சரியானது. டிவிடியின் காலம்தான் முடிந்துகொண்டிருந்தது.

பார்க்கிற படத்துக்கு மட்டும் காசு என்பதை ஓடிடியில் செய்து காட்டியது கேரளம். 2024 மார்ச் 7 அன்று திருவனந்தபுரம் கைரளி தியேட்டரில் முதல்வர் பினராயி விஜயன் ‘சிஸ்பேஸ்’ தளத்தைத் தொடங்கி வைத்தார். நடத்துவது மாநிலத் திரைப்பட வளர்ச்சிக் கழகம். தொடக்கத்தில் 42 படைப்புகள். சந்தா கிடையாது, ஒரு முழுநீளப் படத்துக்கு 75 ரூபாய், அதில் பாதி தயாரிப்பாளருக்கு. எதை ஏற்றுவது என்று தீர்மானிக்க எழுத்தாளர் பென்யாமின், ஒளிப்பதிவாளர் சந்தோஷ் சிவன் போன்றவர்கள் அடங்கிய 60 பேர் குழு. தியேட்டரில் ஓடி முடிந்த படங்களையே எடுப்பதால், கமலுக்கு வந்த எதிர்ப்பு இங்கே எழ வழியில்லை. பெண் இயக்குநர்களுக்கான அரசுத் திட்டத்தில் உருவான ‘நிஷித்தோ’, ‘பி 32 முதல் 44 வரை’ போன்ற படங்களுக்கு அங்கே இடம் கிடைத்தது. யாரும் வாங்க முன்வராத படத்துக்கும் ஒரு வாசல் திறந்திருக்கிறது என்பதுதான் இதில் பெரிய விஷயம்.

நம்மிடம் என்ன குறை? 2007-இல் தொடங்கிய அரசு கேபிள் டிவி இருக்கிறது. தரமணியில் அரசுத் திரைப்படப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. சின்ன முதலீட்டுப் படங்களுக்கு மானியம் தரும் திட்டமும் இருக்கிறது. மக்கள் பணத்தில் மானியம் பெற்ற படத்தை மக்கள் எங்கே பார்ப்பது?

பென்னலூர் அறையில் மகள் போனில் காசு கட்டிய படத்தை, ஊரில் அம்மா டிவியில் பார்க்க முடிய வேண்டும். பல சாதனங்களில் ஓடும் தளம் என்பதற்கு இந்த வட்டாரத்தில் அதுதான் பயன்.

இதே வட்டாரத்து வல்லம் வடகாலில், வேலைக்கு வரும் 18,720 பெண்கள் தங்க 706.5 கோடி ரூபாயில் விடுதி கட்டி, 2024 ஆகஸ்டில் திறந்தது தமிழ்நாடு அரசு. ஒரு படத்துக்கு ஒரு கட்டணம் என்று இயங்கும் தளத்தையும் அரசால் தொடங்க முடியும். மானியம் பெற்ற படங்களை முதலில் ஏற்றுங்கள். கட்டணத்தை 50 ரூபாய்க்குள் வையுங்கள்.

(தொடரும்)