வெளிமுகமைச் சேவை ஒப்பந்தங்கள் மீதான அரசுக் கண்காணிப்பு

வெளிமுகமைச் சேவை ஒப்பந்தம் என்பது அரசுத் துறை, உள்ளாட்சி அமைப்பு அல்லது பொதுத்துறை நிறுவனம் தனக்குத் தேவையான ஒரு சேவையைத் தன் ஊழியர்களைக் கொண்டு செய்யாமல், கட்டணம் கொடுத்து வெளி நிறுவனத்திடம் ஒப்படைக்கும் ஏற்பாடு ஆகும். அலுவலகத் தூய்மைப் பணி, காவல் பணி, வாகன ஓட்டம், தரவுப் பதிவு, மென்பொருள் பராமரிப்பு, திட்ட ஆலோசனை ஆகியவை இவ்வாறு வெளியே வழங்கப்படும் சேவைகளுள் சில. இந்த ஒப்பந்தங்களில் பொதுப்பணம் செலவாகிறது. சேவையைப் பெறுவோர் பொதுமக்கள். எனவே ஒப்பந்தம் வழங்கப்படும் முறையையும் பணி நடைபெறும் விதத்தையும் கண்காணிக்க இந்தியாவில் ஒன்றிய அளவிலும் மாநில அளவிலும் சட்டங்களும் விதிகளும் உள்ளன.

பொருள் வாங்குதலும் சேவை பெறுதலும்

ஓர் அலுவலகம் நூறு நாற்காலிகள் வாங்கினால் அவற்றை எண்ணிப் பார்த்து, தரத்தைச் சோதித்து, பணம் கொடுத்துவிடலாம். சேவையை அவ்வாறு எண்ண முடியாது. நாள்தோறும் நடந்து நாள்தோறும் முடிந்துவிடும் பணி அது.

எடுத்துக்காட்டாக, ஒரு மருத்துவமனை 100 தூய்மைப் பணியாளர்களை வழங்குமாறு ஒரு நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்துகொண்டதாகக் கொள்வோம். 30 நாட்களுக்கு 3,000 ஆள்நாட்கள். நாள்தோறும் 80 பேரே வந்து, வருகைப் பதிவேட்டில் 100 பேர் என்று எழுதப்பட்டால், நடக்காத 600 ஆள்நாள் வேலைக்கு அரசு பணம் கொடுக்கிறது. வந்த 80 பேர்மீது 100 பேரின் வேலை சுமத்தப்படுகிறது. மாத இறுதியில் பட்டியலை மட்டும் பார்க்கும் அதிகாரிக்கு இது தெரியாது. ஆகவே சேவை ஒப்பந்தத்துக்குத் தொடக்கத்தில் மட்டுமின்றி, பணி நடக்கும் காலம் முழுவதும் கண்காணிப்புத் தேவைப்படுகிறது.

சட்ட அடிப்படை

அரசியலமைப்பின் 299ஆவது பிரிவின்படி, ஒன்றிய அரசின் நிருவாக அதிகாரத்தின் கீழ் செய்யப்படும் ஒப்பந்தங்கள் குடியரசுத் தலைவர் பெயரிலும், மாநில அரசின் ஒப்பந்தங்கள் ஆளுநர் பெயரிலும் செய்யப்பட வேண்டும். அதிகாரம் அளிக்கப்பட்ட அலுவலரே கையொப்பமிட வேண்டும்.

ஒன்றிய அமைச்சகங்களுக்கு 2017ஆம் ஆண்டின் பொது நிதி விதிகள் வழிகாட்டுகின்றன. இவ்விதிகள் ஆலோசனைச் சேவைகளையும் ஆலோசனை அல்லாத பிற சேவைகளையும் பிரித்துப் பார்க்கின்றன. ஆலோசனையில் திறமைக்கு மதிப்பெண் தந்து, அதையும் விலையையும் சேர்த்து மதிப்பிடும் முறைக்கு இடமுண்டு. போட்டியின்றி ஒரே நிறுவனத்தை நியமிக்க வேண்டுமானால், அதற்கான காரணத்தைப் பதிவுசெய்து உரிய அதிகாரியின் ஒப்புதலைப் பெற வேண்டும்.

தமிழ்நாட்டில் 1998ஆம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டமும், அதன்கீழ் 2000ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட விதிகளும் நடைமுறையில் உள்ளன. கர்நாடகம் 1999இல் இதையொத்த சட்டத்தை இயற்றியது.

ஒப்பந்தம் வழங்கும் கட்டம்

தமிழ்நாட்டுச் சட்டத்தின் முக்கிய ஏற்பாடுகள் பின்வருமாறு:

• ஒப்பந்தப்புள்ளி அறிவிப்பை ஒப்பந்தப்புள்ளிச் செய்தி இதழில் வெளியிட வேண்டும்.
• மதிப்பு 2 கோடி ரூபாய் வரை இருந்தால் குறைந்தது 15 நாட்களும், அதற்கு மேல் இருந்தால் குறைந்தது 30 நாட்களும் விண்ணப்பிக்க அவகாசம் தர வேண்டும். அவகாசத்தைக் குறைக்க மேலதிகாரி காரணத்தை எழுதி அனுமதிக்க வேண்டும்.
• முன்கூட்டியே அறிவித்த அளவுகோல்களின்படியே மதிப்பீடு நடக்க வேண்டும்.
• விலையைக் குறைப்பதற்கான பேச்சு மிகக் குறைந்த விலை குறிப்பிட்டவருடன் மட்டுமே நடக்கலாம்.
• முடிவால் பாதிக்கப்பட்ட விண்ணப்பதாரர் 10 நாட்களுக்குள் அரசிடம் மேல்முறையீடு செய்யலாம்.

இயற்கைப் பேரிடர், ஒரே ஒருவரிடம் மட்டுமே கிடைக்கும் பொருள் போன்ற சூழல்களுக்குச் சட்டத்தின் 16ஆவது பிரிவு விலக்கு அளிக்கிறது. போட்டி விதியிலிருந்து வெளியேறும் வாயில் இது என்பதால், இதன்கீழ் வழங்கப்படும் ஒப்பந்தங்கள் தனிக் கவனத்துடன் பார்க்கப்பட வேண்டியவை.

விண்ணப்பதாரர் நீதிமன்றத்தையும் நாடலாம். டாடா செல்லுலார் வழக்கில் 1994இல் உச்ச நீதிமன்றம் இதன் எல்லையை வகுத்தது. யாருக்கு ஒப்பந்தம் தருவது என்பதை நீதிமன்றம் தானே முடிவுசெய்யாது. முடிவு எடுக்கப்பட்ட முறை சட்டப்படியும் நியாயமாகவும் இருந்ததா என்பதையே ஆராயும்.

குறைந்த விலையும் கூலியும்

ஆட்களை வழங்கும் ஒப்பந்தத்தில் செலவின் பெரும்பகுதி கூலியே. கூலியோ சட்டப்படியான குறைந்தபட்ச ஊதியத்துக்குக் கீழே போக முடியாது. வருங்கால வைப்பு நிதி, தொழிலாளர் அரசு காப்பீடு ஆகியவற்றுக்கான பங்களிப்பும் கட்டாயம். ஆகவே போட்டியிடும் நிறுவனங்கள் உண்மையில் குறைக்கக்கூடியது தங்கள் சேவைக் கட்டணத்தை மட்டுமே.

கட்டணமே வேண்டாம் என்று ஒரு நிறுவனம் கேட்டால், அதன் வருவாய் எங்கிருந்து வரும் என்ற கேள்வி எழுகிறது. கூலியில் பிடித்தம், வராத ஆளுக்குப் பட்டியல், வேலை தருவதற்குப் பணம் வாங்குதல் ஆகியவையே எஞ்சும் வழிகள். இதனால்தான் ஒன்றிய நிதி அமைச்சகத்தின் செலவினத் துறை 2014இல், கட்டணம் எதுவும் இல்லை என்று குறிப்பிடும் விலைப்புள்ளிகளை ஏற்கத்தக்கவை அல்ல என ஒதுக்குமாறு அறிவுறுத்தியது.

பணி நடைபெறும் கட்டம்

பொது நிதி விதிகளில், ஒப்பந்தக் காலம் முழுவதும் துறை ஈடுபாட்டுடன் செயல்பாட்டைக் கண்காணிக்க வேண்டும் என்று கூறும் விதி உள்ளது. ஆனால் தேர்வு முறையை வரையறுக்கும் விதிகளோடு ஒப்பிட்டால் இது மிகச் சுருக்கமானது. எதை அளப்பது, எத்தனை நாளுக்கொருமுறை பார்ப்பது, குறைக்கு எவ்வளவு பிடித்தம் என்பவற்றை ஒவ்வோர் ஒப்பந்தமும் தானே எழுதிக்கொள்ள வேண்டியிருக்கிறது. அங்கே எழுதப்படாதது பிறகு கேட்கப்படுவதில்லை.

தொழிலாளர் சட்டம் இந்தக் கட்டத்தில் அரசுக்கு நேரடிப் பொறுப்பை வைத்தது. 1970ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டப்படி, கூலி வழங்கும்போது முதன்மை வேலையளிப்பவரின் பிரதிநிதி உடனிருக்க வேண்டியிருந்தது. ஒப்பந்ததாரர் கூலியைத் தராவிட்டால், முதன்மை வேலையளிப்பவர் தாமே தந்துவிட்டு, அத்தொகையை ஒப்பந்ததாரரிடம் வசூலிக்க வேண்டியிருந்தது. அரசுத் துறை வேலையை வெளியே கொடுத்தால் அத்துறையே முதன்மை வேலையளிப்பவர். கூலிக்கான இப்பொறுப்பு 2020ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் தொடர்கிறது.

தணிக்கையும் சட்டமன்றமும்

அரசின் செலவுகளை இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் தணிக்கை செய்கிறார். அரசியலமைப்பின் 151ஆவது பிரிவின்படி மாநிலம் குறித்த அறிக்கைகள் ஆளுநரிடம் அளிக்கப்பட்டு, சட்டமன்றத்தில் வைக்கப்படுகின்றன. பொதுக் கணக்குக் குழு அவற்றை ஆராய்ந்து துறைச் செயலாளர்களிடம் விளக்கம் கேட்கிறது. ஆனால் தணிக்கை என்பது செலவான பின் நடப்பது. அறிக்கை வெளிவரும்போது ஒப்பந்தம் முடிந்து, அதிகாரியும் மாறியிருக்கக்கூடும்.

ஊழல் புகார்களை ஒன்றிய அளவில், 1964இல் அமைக்கப்பட்டு 2003இல் சட்டத் தகுதி பெற்ற மத்திய கண்காணிப்பு ஆணையம் கவனிக்கிறது. தமிழ்நாட்டில் ஊழல் தடுப்பு மற்றும் கண்காணிப்பு இயக்ககம் விசாரிக்கிறது.

குடிமக்களின் பங்கு

2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் அரசிடம் உள்ள ஒப்பந்த ஆவணங்களைக் கேட்கும் வழியைத் திறந்தது. வேறொரு சட்டத்தின்கீழ் தனியார் நிறுவனத்திடமிருந்து அரசு பெறக்கூடிய தகவலும் இதில் அடங்கும். வணிக இரகசியம் என்று மறுக்க 8ஆவது பிரிவு இடம் தந்தாலும், பொதுநலன் மேலோங்கினால் தகவலைத் தரலாம் என்றும் அதே பிரிவு கூறுகிறது. ஒப்பந்தப் பிரதி, வருகைப் பதிவேடு, கூலிப் பதிவேடு, விதிக்கப்பட்ட பிடித்தங்களின் பட்டியல் ஆகிய நான்கையும் ஒப்பிட்டாலே பணியின் உண்மை நிலை பெருமளவு தெரிந்துவிடும்.

பொறுப்பு யாருடையது என்ற கேள்வி

2025 ஆகஸ்டில் சென்னை மாநகராட்சியின் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணி தனியார் ஒப்பந்தத்துக்கு மாற்றப்பட்டதை எதிர்த்து, தூய்மைப் பணியாளர்கள் ரிப்பன் மாளிகை முன் பல நாட்கள் போராடினர். ஊதியம் குறையும், பணிப் பாதுகாப்பு போகும் என்பது அவர்களின் வாதம். குப்பையை அள்ளப் போவது வேறு நிறுவனம் என்றான பின்னும் அவர்கள் அமர்ந்தது மாநகராட்சியின் வாசலில்தான்.

இந்நிகழ்வு வெளிமுகமை முறையின் அடிப்படையைக் காட்டுகிறது. வேலையை வெளியே கொடுக்கலாம்; பொறுப்பைக் கொடுக்க முடியாது. தெரு சுத்தமாக இல்லாவிட்டாலும், கூலி வராவிட்டாலும், மக்களும் தொழிலாளரும் கேள்வி கேட்பது அரசையே. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல, யாருக்கு ஒப்பந்தம் தரப்பட்டது என்பதைக் காட்டும் கோப்பு மட்டும் போதாது. அன்றைய வேலை நடந்ததா, அதைச் செய்தவருக்கு முழுக் கூலி கிடைத்ததா என்பதைக் காட்டும் பதிவும் துறையின் கையில் இருக்க வேண்டும்.