ரெயில் ஓடிய பாதையில் சைக்கிள் ஓடுகிறது!

லாரி இல்லை. பஸ் இல்லை. "பாம், பாம்" என்ற ஹாரன் சத்தம் இல்லை. இரண்டு பக்கமும் மரங்கள். நடுவில் ஒரு பாதை. அதில் அப்பா ஒரு சைக்கிளில் போகிறார். அம்மா ஒரு சைக்கிளில் போகிறார். பின்னால் எட்டு வயதுப் பையன் தன் குட்டிச் சைக்கிளில் பயமில்லாமல் போகிறான்.

இப்படி ஒரு பாதை உண்டா?

உண்டு! உலகத்தில் பல நாடுகளில் உண்டு. அவற்றில் பல, ஒரு காலத்தில் ரெயில் ஓடிய பாதைகள். ரெயில் நின்றது. தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்தார்கள். அந்த இடத்தைச் சைக்கிளுக்கும் நடப்பவர்களுக்கும் கொடுத்துவிட்டார்கள்.

கருப்பட்டி ரெயில்

தூத்துக்குடிச் சீமையிலும் இப்படி நின்று போன ரெயில் ஒன்று இருந்தது. இளைய தலைமுறைக்கு அது தெரியாது.

தூத்துக்குடிக்கு ரெயில் வந்தது 1876-ல். திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூருக்கு ரெயில் வந்தது 1923-ல். ஆனால் அதற்கு முன்பே திருச்செந்தூரில் ஒரு சின்ன ரெயில் ஓடியது!

குலசேகரன்பட்டினத்தில் பாரி கம்பெனியாரின் சர்க்கரை ஆலை இருந்தது. கரும்பிலிருந்து அல்ல, பனங்கருப்பட்டியிலிருந்து சர்க்கரை எடுத்த ஆலை அது. உடன்குடிப் பக்கம் பனைமரத்துக்குப் பஞ்சமா? அந்த ஆலையை ஒட்டி, திருச்செந்தூரிலிருந்து குலசேகரன்பட்டினம், உடன்குடி வழியாகத் திசையன்விளைக்கு ரெயில் விட்டார்கள். தண்டவாளத்தின் அகலம் இரண்டே அடி! முதல் உலகப் போர்க் காலத்தில் ஓடத் தொடங்கிய அந்த ரெயிலில் ஜனங்களும் ஏறிப் போனார்கள்.

1940-ல் அந்த ரெயில் நின்றது. பிறகு ஓடவே இல்லை.

உடன்குடிக் கருப்பட்டியின் பெயர் மட்டும் மங்கவில்லை. 2023-ல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளம் அமைக்க 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. கருப்பட்டி ரெயில் ஓடிய ஊரில் ராக்கெட்!

பால் ரெயில் என்ன ஆயிற்று?

இங்கிலாந்திலும் இதே போல ஒரு சின்ன ரெயில் இருந்தது. மேனிபோல்டு என்ற ஆற்றுப் பள்ளத்தாக்கில் அது ஓடியது. நமது ரெயில் கருப்பட்டி ரெயில் என்றால், அது பால் ரெயில். கிராமத்துப் பாலை வெளியூருக்கு ஏற்றிச் சென்றது. 1904-ல் தொடங்கி, 1934-ல் நின்றது.

ரெயில் கம்பெனி என்ன செய்தது தெரியுமா? பாதையை அந்த மாவட்டத்தின் ஆட்சி மன்றத்திடம் ஒப்படைத்தது. மூன்றே வருடம். 1937-ல் அது நடைபாதையாகத் திறக்கப்பட்டது. சுமார் 8 மைல் தூரம். இன்றும் ஜனங்கள் அங்கே குடும்பத்தோடு நடக்கிறார்கள், சைக்கிளில் போகிறார்கள்.

பால் ரெயில் நின்றது 1934-ல். கருப்பட்டி ரெயில் நின்றது 1940-ல். இரண்டுக்கும் ஆறு வருடம்தான் வித்தியாசம். அங்கே பாதை மிஞ்சியது. இங்கே கதை மிஞ்சியது!

குகைக்குள் சைக்கிள்

அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தில் எல்ராய் என்ற ஊரிலிருந்து ஸ்பார்ட்டா என்ற ஊருக்கு 32 மைல் தூரம் ஒரு பாதை இருக்கிறது. ரெயில் நின்ற பிறகு, 1960-களில் சைக்கிள் பாதையாக மாறியது. வழியில் மலையைக் குடைந்த மூன்று குகைகள். ஒன்று முக்கால் மைல் நீளம்! உள்ளே கும்மிருட்டு. சைக்கிளை விட்டு இறங்கி, டார்ச் விளக்கைப் பிடித்துக்கொண்டு தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். குழந்தைகளுக்கு அதுதான் பெரிய குஷி!

இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்திலிருந்து பாத் நகரத்துக்கு 13 மைல் பாதை உண்டு. 1979 முதல் 1986 வரை அதைப் போட்டார்கள். ஊர்க்காரர்கள் பலர் கூலி வாங்காமல், மண்வெட்டியும் கையுமாக வந்து உழைத்தார்கள்.

சிங்கப்பூருக்கு வருவோம். மலாயா ரெயில்வேயில் தமிழர்கள் எத்தனையோ பேர் வேலை செய்திருக்கிறார்கள். சிங்கப்பூர் தஞ்சோங் பகார் நிலையத்திலிருந்து 2011 ஜூன் 30-ந் தேதி இரவு கடைசி ரெயில் புறப்பட்டது. அதை ஓட்டியவர் யார்? ஜோகூர் சுல்தான்! அந்தத் தண்டவாளம் கிடந்த 24 கிலோ மீட்டர் நிலம் இப்போது பசுமைப் பாதை. ஓர் அடி நிலத்துக்கும் தங்க விலை சொல்லும் ஊர் சிங்கப்பூர். அங்கேயே அந்த நிலத்தை நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் விட்டு வைத்திருக்கிறார்கள்.

ஏன் ரெயில் பாதை?

ரெயிலால் செங்குத்தாக ஏற முடியாது. சட்டென்று திரும்பவும் முடியாது. அதனால் மேட்டை வெட்டி, பள்ளத்தை நிரப்பி, மெல்ல மெல்ல ஏறும்படி பாதை போட்டிருப்பார்கள். அந்தப் பாதையில் சைக்கிள் மிதித்தால் மூச்சு வாங்காது. கிழவரும் ஓட்டலாம், சிறுவரும் ஓட்டலாம். ஓடைகளுக்குப் பாலமும் முன்பே கட்டியிருக்கும்.

செய்ய வேண்டியது கொஞ்சம்தான். சரளை பரப்பி உருளை ஓட்ட வேண்டும். மோட்டார் நுழையாதபடி முகப்பில் குத்துக்கல் நட வேண்டும். சாலையைக் கடக்கும் இடத்தில் எச்சரிக்கைப் பலகை வைக்க வேண்டும்.

ஒன்றை மறக்கக்கூடாது. இது ரெயில் நின்று போன பாதைக்கு மட்டும்தான். ரெயில் ஓடும் தண்டவாளத்தின் மேல் நடப்பதும் சைக்கிள் தள்ளுவதும் சட்டப்படி குற்றம். உயிருக்கும் ஆபத்து!

யாருக்கு வேண்டும்?

"சைக்கிள் பாதை பணக்காரரின் பொழுதுபோக்கு" என்று சிலர் நினைப்பார்கள். அது தவறு.

தமிழ்நாட்டில் பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அரசாங்கம் விலையில்லாமல் சைக்கிள் கொடுக்கிறது. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது. கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில், எழுத்துக் கற்ற ஏழைப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிளும் கற்றார்கள். கல் உடைத்த பெண்ணும் சைக்கிள் ஏறினாள். தண்ணீர்க் குடத்தை அதில் வைத்துக் கொண்டுவந்தாள். யாரையும் எதிர்பார்க்காமல் போகிற இடத்துக்குப் போய் வந்தாள்.

சைக்கிள் கிடைத்துவிட்டது. போவதற்குப் பாதை?

தூத்துக்குடியில் துறைமுகத்துக்குப் போகும் லாரிகளும் உப்பு லாரிகளும் சாலையை அடைத்துக்கொண்டு ஓடுகின்றன. அதே சாலையின் ஓரத்தில்தான் உப்பளத் தொழிலாளி சைக்கிளில் போகிறார். அதே ஓரத்தில்தான் பள்ளிக்கூடத்துப் பெண் போகிறாள். தைப்பூசம் வந்தால் திருச்செந்தூருக்குப் பாத யாத்திரைக்காரர்கள் இரவும் பகலும் நடக்கிறார்கள். தசரா வந்தால் குலசைக்கு வேடம் கட்டிய பக்தர்கள் லட்சக்கணக்கில் வருகிறார்கள். சாலை ஒன்று, வண்டி ஆயிரம்.

இங்கே முடியுமா?

திருச்செந்தூருக்கும் சாத்தான்குளத்துக்கும் நடுவில் தேரிக்காடு இருக்கிறது. செக்கச் செவேலென்ற மணல் மேடு. பனை, முந்திரி, உடைமரம். பார்க்க அழகு! ஆனால் தேரி மணலில் சைக்கிள் சக்கரம் புதைந்துவிடும். காற்று அடித்தால் மணல் இடம் மாறும். காட்டின் ஓரத்தில் சரளை போட்டு இறுக்கினால்தான் சைக்கிள் ஓடும்.

இன்னொரு வழியும் உண்டு. ஸ்ரீவைகுண்டம் அணையிலிருந்து தாமிரபரணித் தண்ணீர் வடகால், தென்கால் என்று இரண்டு கால்வாய்களில் ஓடுகிறது. தண்ணீர் ஓட வேண்டுமானால் வாட்டம் மெல்லத்தான் இறங்க வேண்டும். ஆகவே கால்வாய்க் கரையும் ரெயில் பாதையைப் போலச் சமமாகவே போகும். கரையைப் பலப்படுத்தி மரம் வைத்தால் கால்வாய்க்கும் நல்லது, சைக்கிளுக்கும் நல்லது.

தண்டவாளத்தைப் பெயர்த்த இடம் சும்மா கிடக்காது. ஒருவர் வேலி போடுவார். ஒருவர் வீடு கட்டுவார். பத்து வருடம் கழித்துப் "பாதை எங்கே?" என்று கேட்டால் யாராலும் காட்ட முடியாது. இனி எங்காவது ஒரு ரெயில் நின்றால், எங்காவது ஒரு கரை சும்மா கிடந்தால், அன்றைக்கே கேட்டு வாங்க வேண்டும். பஞ்சாயத்துக் கூட்டத்தில் கை தூக்கிக் கேட்கலாம். மனு எழுதிக் கொடுக்கலாம்.

பள்ளிக்கூடத்துக்குப் போன பிள்ளை பத்திரமாகத் திரும்பி வர வேண்டும். அதற்காகக் கேட்பது பெரிய ஆசை அல்லவே!