கோபுலுவின் சித்திரங்களில் நகை

நகை என்னும் மெய்ப்பாடு எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கன் அடியாகப் பிறக்கும் எனத் தொல்காப்பியர் வகுத்தார். உரையாசிரியர்கள் செய்யுளிலிருந்தே எடுத்துக்காட்டுத் தந்தனர். சொல்லே இல்லாத படைப்புக்கும் இவ்வகுப்புப் பொருந்துமா எனக் காண்பதற்கு ஓவியர் கோபுலுவின் சித்திரங்கள் தக்க களமாகும்.

தஞ்சையில் 1924-இல் பிறந்த கோபாலன், கும்பகோணத்தில் ஓவியம் பயின்றவர். திருவையாற்றில் தியாகராச சுவாமிகள் வழிபட்ட இராமர் பட்டாபிடேகப் படத்தை வரைந்துவருமாறு ஆனந்த விகடன் ஓவியர் மாலி அவரைப் பணித்தார். அவ்வோவியம் 1941 தீபாவளி மலரில் வெளிவந்தது. கோபுலு என்னும் பெயரும் மாலி இட்டதே. 1945-இல் விகடனில் பணியேற்றார்.

அவர்தம் தனித்தன்மை, கட்டம் கட்டமாகச் செல்லும் சொல்லில்லாச் சித்திரத் தொடரில் உளது. இதழ்ச் சிரிப்புத் துணுக்குகள் பலவற்றில் படத்தை மறைத்துப் படித்தாலும் நகை குன்றாது. நகை உரையாடலிலேயே தங்கிவிடுகிறது. கோபுலு உரையாடலை நீக்கினார். நீக்கவே, முதுகின் வளைவும் கழுத்தின் திருப்பமும் வேட்டியின் மடிப்பும் சொல்லின் தொழிலை ஏற்றன. இரு கட்டங்களுக்கிடையே நிகழ்ந்ததை நோக்குவோன் தானே நிரப்பிக்கொள்கிறான். செய்யுளில் எச்சம் நிற்கும் நிலையை இது ஒருவாறு ஒக்கும். ஒப்புமையை இதற்குமேல் நீட்டுதல் எம் கருத்தன்று.

தேவனின் 'துப்பறியும் சாம்பு' முதலில் கதையாக வந்தபோது படம் வரைந்தவர் ராஜு. பின்னர் அதனைச் சித்திரத் தொடராக வரைந்தவர் கோபுலு. கதையில் சாம்புவின் பேதைமையை ஆசிரியர் கூற்று உணர்த்தவேண்டும். சித்திரத்திலோ பிறர் பாராட்டும் அதே கட்டத்தில் சாம்புவின் திகைத்த முகமும் நிற்கிறது. உரைநடையில் அடுத்தடுத்து வரவேண்டியவை ஈண்டு ஒரே நோக்கில் மோதுகின்றன. பேதைமையிற் பிறக்கும் நகைக்கு இதனினும் தெளிவான சான்று காண்டல் அரிது.

பின்னாளில் கோபுலு விளம்பரத் துறையிலும் உழைத்தார். முதுமையில் பக்கவாதத்தால் வலக்கை செயலிழந்தபோது இடக்கையால் வரைந்தார். 2015-இல் மறைந்தார். அவர்தம் கோடு கையின் பழக்கமா, கருத்தின் பழக்கமா என்பது அவ்விடக்கை ஓவியங்களை முன்னையவற்றோடு ஒப்பிட்டு ஆராயத் தக்கது.

சமயநல்லூரில் ஓர் இல்லத்தில், கோபுலுவின் படங்களோடு வெளிவந்த 'தில்லானா மோகனாம்பாள்' தொடரை வாரந்தோறும் இதழிலிருந்து பிரித்தெடுத்துத் தைத்துக் கட்டிய தொகுதியொன்றைக் கண்டோம். படமில்லாத நூற்பதிப்பை மட்டும் கொண்டு தொடர்கதையை ஆராய்வோர், அன்றைய வாசகர் பெற்றதில் ஒரு பகுதியையே ஆராய்கின்றனர். எமது முனைவர் பட்ட ஆய்வேடும் இக்குறைக்கு விலக்கன்று. அத்தொகுதியின் தாள்கள் ஓரங்களில் உதிரத் தொடங்கியுள்ளன. உரியவர் இசைவுடன் மாணவர் இருவர் அதனைப் பக்கம் பக்கமாகப் படியெடுத்து வருகின்றனர்.