பூங்காவில் குளுமை எங்கிருந்து வருகிறது?

மே மாத நண்பகலில் மாமல்லபுரத்தின் வெண்ணெய் உருண்டைப் பாறை நிற்கும் சரிவில் வெறுங்காலுடன் நிற்பது கடினம். கீழே புல்தரைக்கு இறங்கினால் நிற்க முடிகிறது. சூரியன் ஒன்றுதான், வீசும் காற்றும் ஒன்றுதான். பின் ஏன் இந்த வேறுபாடு?

உச்சி வெயிலில் ஒவ்வொரு சதுர மீட்டர் தரைமீதும் ஏறத்தாழ 1,000 வாட் ஆற்றல் விழுகிறது. ஒரு மின் இஸ்திரிப் பெட்டியின் சூடு என்று வைத்துக்கொள்ளுங்கள். பாறையும் தார்ச்சாலையும் அதில் பெரும்பகுதியை உட்கொண்டு சூடேறுகின்றன. புல்லோ வேர் உறிஞ்சிய நீரை இலைத்துளைகள் வழியே ஆவியாக்கி விடுகிறது. ஒரு கிராம் நீர் ஆவியாவதற்குச் சுமார் 580 கலோரி வெப்பம் வேண்டும். உள்ளுறை வெப்பம் என்று வகுப்பில் படிக்கிறோமே, அதுதான். வெப்பம் செலவாகிறது, ஆனால் வெப்பநிலை ஏறுவதில்லை.

மரம் இதையே பெரிய அளவில் செய்கிறது. நீர் வளமுள்ள இடத்தில் நிற்கும் பெரிய மரம் ஒன்று நாளொன்றுக்கு 100 லிட்டர் நீரை ஆவியாக்கக்கூடும். அதற்குச் செலவாகும் வெப்பம், ஒரு டன் குளிர்சாதனப் பெட்டி 19 மணி நேரம் ஓடி வெளியேற்றும் வெப்பத்துக்குச் சமம். நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள்.

ஆனால் நம் கடற்கரைப் பகுதியின் காற்றில் ஈரப்பதம் அதிகம். ஆகவே ஆவியாதல் சற்று மந்தமாகவே நடக்கும். இங்கே மரத்தின் முதல் உதவி நிழல்தான். வெயில் நம் மேனியில் நேராக விழாமலும், தரை சூடேறி நம்மைச் சுடாமலும் அது தடுக்கிறது. நிழலில்லாத புல்வெளிப் பூங்கா பார்வைக்கு அழகு. பகலில் அங்கே உட்காரத்தான் ஆளிருக்காது.

இரவில் கதை மாறுகிறது. பகலில் சேர்ந்த வெப்பத்தைத் தரை அகச்சிவப்புக் கதிர்களாக வானத்துக்கு அனுப்பிக் குளிர வேண்டும். நெருக்கமான தெருவில் ஒரு சுவர் அனுப்புவதை எதிர்ச்சுவர் வாங்கிக்கொள்கிறது; மேலே தெரியும் வானம் ஒரு கீற்றுதான். லண்டன் நகரம் சுற்றுப்புறத்தைவிட இரவில் வெப்பமாக இருப்பதை லூக் ஹோவர்டு அளந்து 1818-இல் தொடங்கி நூலாகவே வெளியிட்டார். அடர்ந்த மரக்கிளைகளும் வானத்தை மறைப்பவையே. ஆகவே பூங்காவுக்குப் பகலுக்காக மரமும் வேண்டும், இரவுக்காகத் திறந்த மண்ணும் வேண்டும்.

1920-களில் உருவான சென்னைத் தியாகராய நகரின் நடுவே பனகல் பூங்காவுக்கு இடம் விட்டு வைத்தார்கள். இன்று சுற்றிலும் அடுக்குமாடிக் கடைகள் நெருக்கும்போதுதான் அந்த இடத்தின் அருமை புரிகிறது. செங்கற்பட்டு 2019-இல் மாவட்டத் தலைநகராயிற்று; கட்டடங்கள் இன்னும் பெருகும். மாமல்லபுரத்துக்குக் கடற்காற்று முதலில் வந்துவிடுகிறது. சாலைவழி ஏறத்தாழ 30 கிலோமீட்டர் உள்ளே இருக்கும் செங்கற்பட்டுக்கு அது தாமதமாகத்தான் வரும். ரயிலடியை ஒட்டிய கொளவாய் ஏரியும், தெருக்களுக்கிடையே மிஞ்சியுள்ள வெற்றிடங்களுமே அங்கே பகல் வெப்பத்துக்கு மாற்று. அவற்றில் சேறு ஒட்டாதென்று சிமெண்டுக் கல் பாவினால், ஆவியாக மண்ணில் நீர் இராது. மழைநீரும் உள்ளே இறங்காது.

நீங்களும் சோதிக்கலாம். ஒரே மாதிரியான மூன்று வெப்பமானிகளை வேப்பமர நிழல், வெட்டவெளிப் புல்தரை, தெரு ஆகிய இடங்களில் தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் தொங்கவிடுங்கள். குமிழில் வெயில் படாதபடி மேலே வெள்ளை அட்டை கட்டுங்கள். பிற்பகல் 2 மணிக்கும் இரவு 9 மணிக்கும் அளவைக் குறியுங்கள். இரவில் வேப்பமரத்தடி முதலிடம் பெறாவிட்டால் வியக்க வேண்டாம்.