ஹவா சிங் உயர்ந்த வழி

திருமலைக்கு அலிபிரி வழியே நடந்து ஏறிய அன்பர்கள் ஓர் உண்மையை நன்கு அறிவார்கள். மூவாயிரத்து ஐந்நூறுக்கு மேற்பட்ட அந்தப் படிகளில் முதலில் சோர்ந்து அமர்பவர் பல வேளைகளில் மெலிந்த முதியவர் அல்லர். தம் உடல் வலிமையை நம்பித் தொடக்கத்திலேயே இரண்டிரண்டு படிகளாகத் தாவிச் சென்ற இளைஞரே. காலி கோபுரத்தை நெருங்கும்போது தோளின் திரட்சி அவருக்குத் துணை செய்வதில்லை. காலும் மூச்சும் ஒத்துழைத்தால்தான் அப்பால் செல்ல இயலும்.

குத்துச்சண்டையின் அடிப்படை உண்மையும் இதுவே. அக்கலையில் ஹெவிவெயிட் என்னும் மிகு எடைப் பிரிவில் ஆசியாவின் முதல்வராக இரு முறை விளங்கிய ஹவா சிங் அவர்களின் இளமையையும் உயர்வையும் நேயர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறோம். அவர் அரியானா மாநிலத்தவர். சித்தூரிலும் திருப்பதியிலும் வாழும் நமக்கு அவருடைய ஊர் நெடுந்தொலைவில் உள்ளது. ஆயினும் பிறந்த ஊரை விட்டுச் சென்று பிற இடத்தில் உயர்ந்த ஒருவருடைய வரலாறு, வேற்று மாநிலங்களில் வாழும் தமிழ் மக்களுக்கு அயலான வரலாறு ஆகாது.

முதலில் மிகு எடைப் பிரிவு என்பது யாது எனக் காண்போம். குத்துச்சண்டையில் சம எடையுள்ளவர்களையே எதிரெதிரே நிறுத்துவர். எடை குறைந்தவர் எடை மிகுந்தவரிடம் அகப்பட்டுத் துன்புறாமல் காக்கும் ஏற்பாடு இது. ஹவா சிங்கின் காலத்தில் ஊதியம் பெறாத வீரர்களின் பன்னாட்டுப் போட்டிகளில் 81 கிலோகிராமுக்கு மேற்பட்டவர் அனைவரும் ஒரே பிரிவினர். கீழ் வரம்பு உண்டு. மேல் வரம்பு இல்லை. ஆதலால் 85 கிலோ எடையுள்ள வீரர் 100 கிலோ எடையுள்ளவரை எதிர்க்க நேரலாம். பிற பிரிவினருக்கு உள்ள பாதுகாப்பு இப்பிரிவினருக்கு இல்லை.

குத்தின் விசை கையில் பிறக்கிறது என்று எண்ணுவது தவறு. பாதம் தரையை உந்துகிறது. அவ்வுந்துதல் முழங்கால் வழியாக இடுப்பை அடைகிறது. இடுப்பு திரும்பத் தோள் அதனைத் தொடர்கிறது. கை அவ்விசையைக் கொண்டு சேர்க்கும் கருவி மட்டுமே. கால் தடுமாறினால் எவ்வளவு பெரிய கையாலும் பயனில்லை. அக்காலத்துப் போட்டி மூன்று சுற்றுகளைக் கொண்டது. ஒவ்வொரு சுற்றும் மூன்று நிமிடம். இடையே ஒரு நிமிட ஓய்வு. காண்போருக்கு ஒன்பது நிமிடம் என்பது சிறு பொழுதே. பேருடலைச் சுமந்துகொண்டு, அடிகளை விலக்கியும் ஏற்றும் நிற்கும் வீரருக்கோ அது நெடும் பொழுது. எடை ஏற ஏற வலிமை மிகும், மூச்சு குறையும். இவ்விரண்டையும் ஒருங்கே பெற்றவரே இப்பிரிவில் நிலைத்து நிற்பர்.

ஹவா சிங் 1937ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் நாள் பிவானி வட்டாரத்தில் உமர்வாஸ் என்னும் சிற்றூரில் பிறந்தார். ஹவா என்ற இந்திச் சொல்லுக்குக் காற்று என்பது பொருள். தெலுங்கில் 'காலி' என்பதற்கும் அதுவே பொருள் என்பதைத் திருப்பதி நேயர்கள் நினைவுகூர்வார்கள். அந்நிலப்பகுதி இராசத்தான் பாலையை அடுத்தது, மழை குறைந்தது, கம்பும் கடலையும் விளைவது. இராயலசீமையின் வறட்சியைக் கண்டவர்கள் அதனை எளிதில் மனக்கண்ணில் காணலாம். மற்போர் அங்குள்ள ஊர்களின் பழைய விளையாட்டு. உடல் உரம் பெற்ற இளைஞர்களுக்கு அங்கே என்றும் குறைவில்லை. அவ்வுரத்தைக் கொண்டு உலகின் முன் நிற்கும் வழிதான் ஊருக்குள் இல்லை.

அவ்வழி 1956ஆம் ஆண்டில் திறந்தது. அவ்வாண்டு அவர் இந்தியத் தரைப்படையில் சேர்ந்தார். பத்தொன்பது வயதை எட்டும் பருவம் அது. வறண்ட நிலத்து இளைஞர்கள் பிழைப்பின் பொருட்டுப் படையில் சேர்வது நாம் அறியாத செய்தியன்று. சித்தூரிலிருந்து சிறிது தொலைவிலுள்ள வேலூர்ப் பக்கத்துக் கம்மவான்பேட்டையை மக்கள் 'ஆர்மி பேட்டை' என்றே அழைப்பதை நேயர்கள் கேள்வியுற்றிருப்பார்கள்.

படையில் சேர்ந்த இளைஞருக்கு உணவும் உடையும் ஊதியமும் கிடைப்பதோடு, ஒழுங்கான உடற்பயிற்சியும் கிடைக்கிறது. விளையாட்டில் ஆற்றல் காட்டுபவருக்குப் படிப்படியான ஏணி ஒன்றும் அங்கே உண்டு. தம் படைப்பிரிவில் வென்றவர் அடுத்த நிலைக்குச் செல்வார். அங்கும் வென்றவர் மேற்குத் தலைமையகம், தெற்குத் தலைமையகம் போன்ற பெரும் பகுதிகளின் போட்டிக்குச் செல்வார். அதன் பின் முப்படைகளின் போட்டி. அதற்கும் மேல் நாடு தழுவிய போட்டி. ஏணியின் ஒவ்வொரு படியிலும் பயிற்சியாளர் ஒருவர் நின்று குறைகளைத் திருத்துவார். நாளைய உணவைப் பற்றிய கவலை இல்லாமல் ஒருவர் பயிற்சி செய்வதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

அந்த ஏணியில் ஹவா சிங் நான்கு ஆண்டுகள் ஏறினார். 1960ஆம் ஆண்டில், அப்போது முதல்வராக விளங்கிய மொகப்பத் சிங்கை வென்று மேற்குத் தலைமையகத்தின் முதன்மையைப் பெற்றார். அடுத்த ஆண்டு நாட்டின் மிகு எடைப் பிரிவு முதன்மையும் அவரை அடைந்தது. 1961 முதல் 1972 வரையிலான காலத்தில் தொடர்ந்து பதினொரு முறை அவர் அதனைத் தம்மிடமே வைத்திருந்தார். ஒரு முறை வெல்வதற்கு ஆற்றல் போதும். பதினொரு முறை வெல்வதற்கு ஆண்டுதோறும் புதிய இளைஞர்களை எதிர்கொள்ளும் உறுதியும், புகழ் வந்த பின்னும் விடியற்காலையில் எழுந்து ஓடும் பழக்கமும் வேண்டும்.

ஆயினும் அவ்வுயர்வின் நடுவே ஓர் இழப்பும் நேர்ந்தது. 1962ஆம் ஆண்டு ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டுப் போட்டிகள் நடந்தன. அது நம் எல்லையில் சீனப் போர் மூண்ட ஆண்டு. படைக்கடமையின் காரணமாக ஹவா சிங் ஜகார்த்தாவுக்குச் செல்ல இயலவில்லை. ஆசியப் போட்டி நான்கு ஆண்டுகளுக்கு ஒரு முறை வருவது. விளையாட்டு வீரரின் வாழ்வில் நான்கு ஆண்டு என்பது மிக நீண்ட காலம். அவரை உயர்த்திய படையே அவரைத் தடுத்தும் நிறுத்தியது. உதவி பெறும் இடத்தில் கடமையும் உண்டு என்பதை அவர் அறிந்திருக்க வேண்டும். காத்திருந்தார்.

1966ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் அரியானா தனி மாநிலமாயிற்று. எல்லைக்கோடு மாறுவதன் பொருளைச் சித்தூர்த் தமிழருக்கு நாம் விளக்க வேண்டுவதில்லை. 1953ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் ஆந்திர மாநிலம் உருவாகும் வரை சித்தூர் மாவட்டம் சென்னை மாநிலத்தின் பகுதியாகவே இருந்தது. அரியானா பிறந்த மறுமாதம், பாங்காக்கில் நடந்த ஆசியப் போட்டியில் ஹவா சிங் தங்கப் பதக்கம் பெற்றார். அவ்வாண்டின் அர்ஜுனா விருதும் அவருக்கு அளிக்கப்பட்டது. நான்கு ஆண்டுகள் கழித்து, 1970 டிசம்பரில் அதே பாங்காக்கில், முப்பத்து மூன்று வயதை எட்டிய நாட்களில் மீண்டும் தங்கம் வென்றார். ஆசிய விளையாட்டுப் போட்டிகளின் குத்துச்சண்டையில் அடுத்தடுத்து இரு முறை தங்கம் பெற்ற வேறொரு இந்திய வீரர் இன்றுவரை இல்லை.

இதே காலத்தில் கடல் கடந்த நாட்டில் உயர்ந்த மற்றொரு வீரரையும் இங்கே நினைத்தல் தகும். அவர் முகமது அலி. 1954ஆம் ஆண்டில், லூயிவில் நகரில் பன்னிரண்டு வயதுச் சிறுவனாக இருந்தபோது, அவருடைய மிதிவண்டி களவு போயிற்று. திருடனை அடிப்பேன் என்று குமுறிய சிறுவனிடம், முதலில் சண்டையிடக் கற்றுக்கொள் என்று கூறித் தம் பயிற்சிக்கூடத்தில் சேர்த்துக்கொண்டவர் ஜோ மார்ட்டின் என்னும் காவலர். பத்து ஆண்டுகளுக்குள், 1964 பிப்ரவரியில், அச்சிறுவன் உலக முதல்வரானார். 1967இல் வியட்நாம் போருக்குச் செல்ல மறுத்ததால் அவர் பட்டத்தை இழந்து, மூன்று ஆண்டுகளுக்கு மேல் மேடையேற இயலாமல் இருந்தார். ஒருவர் படைக்கடமையை ஏற்றதால் இழந்தார். மற்றவர் அதனை மறுத்ததால் இழந்தார். இருவருமே இழந்த ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் மேடையேறி வென்றனர். 1980ஆம் ஆண்டு முகமது அலி இந்தியாவுக்கு வந்து, சென்னை நேரு விளையாட்டரங்கில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டியில் கலந்துகொண்டதை மூத்த நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். டில்லியில் அவருடன் மேடையேறிய நம் படைவீரர் கவுர் சிங், 1982 ஆசியப் போட்டியில் ஹெவிவெயிட் பிரிவில் தங்கம் பெற்றார்.

இருவர் வரலாற்றிலும் ஒன்றைக் காண்கிறோம். உடல் வலிமை அவர்களுடையது. அவ்வலிமைக்கு இடமளித்த கதவைத் திறந்தது மற்றொருவர் கை. அங்கே ஒரு காவலர். இங்கே ஒரு படை. அக்கை நீளாதிருந்தால் உமர்வாஸின் இளைஞர் தம் ஊரார் மட்டும் அறிந்த பலசாலியாகவே இருந்திருப்பார்.

இதனை ஹவா சிங் நன்கு உணர்ந்திருந்தார் என்பதற்கு அவருடைய பிற்கால வாழ்வே சான்று. படையிலிருந்து ஓய்வு பெற்ற பின் அவர் பிவானிக்குத் திரும்பி, இளைஞர்களைப் பயிற்றும் பணியை ஏற்றார். தாம் வெளியே சென்று பெற்ற கலையைச் சொந்த மண்ணில் விதைத்தார். சிறந்த பயிற்சியாளருக்குரிய துரோணாச்சாரியார் விருது அவருக்கு அறிவிக்கப்பட்டது. அதனைக் கையில் வாங்கும் நாளுக்குச் சிறிது முன்னர், 2000ஆம் ஆண்டு ஆகஸ்டு 14ஆம் நாள் அவர் காலமானார். விதை வீண்போகவில்லை. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்குக்குச் சென்ற ஐந்து இந்தியக் குத்துச்சண்டை வீரர்களுள் நால்வர் பிவானியில் பயிற்சி பெற்றவர்கள். அவர்களுள் விஜேந்தர் சிங் வெண்கலம் வென்று, ஒலிம்பிக் குத்துச்சண்டையில் இந்தியாவின் முதற் பதக்கத்தைப் பெற்றார். ஒரு காலத்தில் கதவே இல்லாத வட்டாரம், நாட்டின் இளைஞர்களுக்குக் கதவு திறக்கும் நகரமாயிற்று.

குத்துச்சண்டை தீங்கு விளைக்குமே என்று அஞ்சும் பெற்றோரும் உண்டு. அவ்வச்சம் வீணன்று. தலையில் மீண்டும் மீண்டும் படும் அடி மூளையைக் கெடுக்கும் என்பதை மருத்துவர்கள் கூறுகின்றனர். ஆகவே, தகுதியுள்ள பயிற்சியாளர், முறையான மருத்துவப் பரிசோதனை, உரிய நேரத்தில் போட்டியை நிறுத்தும் நடுவர் ஆகிய மூன்றும் இல்லாத இடத்தில் பிள்ளைகளை மேடையேற்றலாகாது. ஆனால் நாம் கூற வந்த செய்தி குத்துச்சண்டைக்கு மட்டும் உரியதன்று. ஓட்டம், நீச்சல், கபடி, கல்வி, இசை ஆகிய எத்துறைக்கும் அது பொருந்தும்.

சித்தூர், திருப்பதி ஆகிய ஊர்களிலும், வேறு மாநிலங்களின் நகரங்களிலும் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பல, வேலையின் பொருட்டோ வாணிகத்தின் பொருட்டோ ஊர் விட்டு வந்தவை. முதலில் வந்த காலத்தில் தங்க இடம் தந்தவர், வேலைக்குச் சொல்லி வைத்தவர், தெலுங்கு பேசக் கற்றுக்கொடுத்த அண்டை வீட்டார் என்று நம்மில் ஒவ்வொருவருக்கும் ஒரு கதவைத் திறந்தவர் உண்டு. இன்று நம் தெருவிலும் ஆற்றலுள்ள பிள்ளைகள் இருக்கிறார்கள்; அவர்கள் தமிழ் பேசுபவராகவும் இருக்கலாம், தெலுங்கு பேசுபவராகவும் இருக்கலாம். அவர்களுக்கு விளையாட ஒரு திடலைக் கேட்டுப் பெறுவதும், நல்ல பயிற்சியாளரிடம் அழைத்துச் செல்வதும், விடியற்காலையில் எழுப்பி அனுப்புவதும் நம்மால் இயலும் செயல்களே. நாம் பெற்ற உதவியை அவ்வழியே திருப்பித் தரலாம். ஹவா சிங் பிவானியில் செய்தது அதுவே.